இராமானுஜன் எழுதிய விண்ணப்பங்கள்



மே மாதம் பிறந்துவிட்டால் தொடக்கநிலை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடையே ஒரு பரபரப்புத் தொற்றிக்கொள்ளும். சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டத்தின்வழி உயர்நிலைப் பள்ளியில் இடம் பெற விழையும் பிள்ளை, இறுதித் தேர்வு எழுதுவதற்கு முன்னரே தன் திறனையும் ஆர்வத்தையும் எடுத்துரைக்க வேண்டும். அதே பிள்ளை ஆறேழு ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழக வாயிலில் நிற்கும்போதும் அக்கேள்வி அங்கே காத்திருக்கிறது. ஏன் இந்தப் படிப்பு? ஏன் உனக்கு? கிராஞ்சி வட்டாரத்தில் எனக்குப் பழக்கமான பெற்றோர் சிலர், “டீச்சர், இந்தக் கடிதத்தை எப்படித்தான் எழுதுவது?” என்று கேட்பதுண்டு. நான் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு வழிகாட்டும் அலுவலர் அல்லேன். ஆயினும் இத்தகைய கடிதங்கள் சில வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. அவற்றுள் நம்மவர் ஒருவர் எழுதியவற்றைப் பற்றியே இக்கட்டுரை.

விண்ணப்பம் என்பது நமக்குப் புதிய சொல்லன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில், இன்னார் விண்ணப்பம் செய்ய அரசர் இன்னது அளித்தார் என்னும் முறையிலேயே பல கொடைகள் பதிவாகியுள்ளன. அதற்கும் முந்திய சங்க காலத்துப் புலவர்கள் பரிசில் நாடி மன்னரிடம் சென்றவர்களே. ஆனால் அவர்கள் கையேந்திச் சென்றவர்கள் அல்லர். புறநானூற்றின் 208ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சினந்துகொள்கிறார். என்ன காரணம்? மன்னன் அவரை நேரில் காணாமலேயே பரிசில் கொடுத்தனுப்பிவிட்டான். என் புலமையை அறிந்து அளிப்பது சிறிதாயினும் ஏற்பேன், அறியாமல் அளிப்பது எனக்கு வேண்டா என்பதே அப்பாடலின் கருத்து. “எனக்குக் கொடு” என்பதற்கும் “என்னை அறிந்து கொடு” என்பதற்கும் உள்ள தொலைவை அப்புலவர் அன்றே அளந்து வைத்துவிட்டார். இராமானுஜனின் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இப்பாடல் நினைவுக்கு வரும்.

இனி இராமானுஜனிடம் வருவோம். அவர் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். அவ்வூர் நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுகள் பெற்ற மாணவர். 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணக்கில் மட்டுமே மனம் செலுத்தி ஏனைய பாடங்களைக் கைவிட்டதால் அவ்வுதவித்தொகை பறிபோயிற்று. பின்னர் 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலக் குறைவால் அங்கும் படிப்புத் தடைப்பட்டது. எப்.ஏ. எனப்பெற்ற இடைநிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதியும் தேறவில்லை. கணக்கில் அவர் தோற்கவில்லை. உடலியல் போன்ற பாடங்களில் தோற்றார். அக்காலத்து விதிப்படி எல்லாப் பாடங்களிலும் தேறினால்தான் பட்டப்படிப்பின் கதவு திறக்கும். எனவே பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரையில் அவர் தோல்வியுற்ற மாணவர், அவ்வளவுதான்.

அதன்பின் சில ஆண்டுகள் வேலையுமில்லை, படிப்புமில்லை. 1909இல் திருமணம் நடந்தது. கணக்குக் குறிப்பேடுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தம்மை அறியக்கூடியவர் எவரேனும் உளரா என்று ஊர் ஊராகத் திரிந்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசுவாமி ஐயர் அப்போது திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தார். தம் அலுவலகத்தில் ஒரு சிறு வேலை தருமாறு 1910இல் இராமானுஜன் அவரை அணுகினார். குறிப்பேடுகளைப் பார்த்த இராமசுவாமி ஐயர், இத்தகைய ஒருவரை வருவாய்த்துறையில் எழுத்தராக முடக்குவதற்கு மனமின்றிச் சென்னையிலுள்ள கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவ்வழியே சேஷு ஐயரும் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவும் அவருக்குத் துணையாயினர். நம் பழைய ஆற்றுப்படை நூல்களில் பரிசில் பெற்ற ஒருவர் பெறாத ஒருவருக்கு வழிகாட்டுவார் அல்லவா, அதைப் போலத்தான்.

முதல் விண்ணப்பம் 1912 பிப்ரவரி 9ஆம் நாள் எழுதப்பெற்றது. அது பல்கலைக்கழகத்துக்கு எழுதியதன்று. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் காலியாக இருந்த எழுத்தர் பணிக்கு எழுதியது. திருவல்லிக்கேணியிலிருந்து எழுதிய அக்கடிதம் சில வரிகளே கொண்டது. மெட்ரிகுலேசன் தேறியதையும், எப்.ஏ. வரை படித்துச் சில இடையூறுகளால் தொடர முடியாமற் போனதையும் மறைக்காமல் சொல்கிறார். அதையடுத்து, தம் நேரம் முழுவதையும் கணக்குக்கே செலவிட்டு அத்துறையை வளர்த்து வருவதாகக் குறிப்பிடுகிறார். பணியைச் செவ்வனே செய்ய முடியும் என்னும் நம்பிக்கையைத் தெரிவித்து முடித்துவிடுகிறார். மாநிலக் கல்லூரியின் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த நற்சான்றும் உடன் சென்றது.

இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தோல்வியைச் சொன்ன வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியமே அத்தோல்விக்குப் பின் தாம் செய்தது என்ன என்பதைச் சொல்கிறது. இடையில் புலம்பல் இல்லை, எவர்மீதும் பழி இல்லை. “இடையூறுகள்” என்னும் ஒற்றைச் சொல்லோடு அப்பகுதி முடிந்துவிடுகிறது. பணி கிடைத்தது. மார்ச் 1ஆம் நாள் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். அக்கழகத்தின் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் பயின்றவர். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியாளர். தம் எழுத்தரின் மேசையில் துறைமுகக் கணக்கைத் தவிர வேறொரு கணக்கும் நடைபெறுவதை இருவரும் அறிந்தனர். அறிந்தும் அதட்டவில்லை என்பதே அவர்களது பெருமை.

அடுத்து வந்தவை இங்கிலாந்துக்குச் சென்ற கடிதங்கள். சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், இலண்டனில் இருந்த தம் பேராசிரியர் ஹில்லுக்கு 1912இன் இறுதியில் எழுதினார். ஹில் பரிவோடு மறுமொழி எழுதினாலும், முடிவிலாத் தொடர்களைக் கையாளும்போது இளைஞர் தடுமாறியிருக்கிறார் என்று கருதி, படிக்கவேண்டிய நூலைச் சுட்டியதோடு நிறுத்திக்கொண்டார். கேம்பிரிட்ஜின் பெயர்பெற்ற கணித அறிஞர்களான பேக்கர், ஹாப்சன் ஆகிய இருவருக்கும் இராமானுஜன் எழுதினார் என்றும், அவர்களிடமிருந்து ஆதரவு எதுவும் வரவில்லை என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். இன்று அவ்விருவரையும் எள்ளி நகையாடுவது எளிது. பெயர் தெரியாத ஊரிலிருந்து, பெயர் தெரியாத ஓர் எழுத்தர் அனுப்பிய தாள்களைப் படிக்க நேரம் ஒதுக்காதது அவர்கள் மட்டுமே செய்த செயலன்று. ஆண்டு இறுதியில் குவியும் கட்டுரைத் தாள்களைத் திருத்தும் நமக்கு அது நன்கு விளங்கும்.

மூன்றாவதாக எழுதிய கடிதம்தான் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியின் ஜி. எச். ஹார்டிக்குச் சென்றது. நாள் 1913 ஜனவரி 16. தாம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் எழுத்தர் என்று தொடங்குகிறார். தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை, பள்ளிக் கல்வியே உண்டு என்கிறார். பள்ளியை விட்டபின் கிடைத்த ஓய்வு நேரத்தில் கணக்கில் உழைத்ததாகவும், வகுப்பறை வழியில் செல்லாமல் தமக்கென ஒரு தனி வழி வகுத்துக்கொண்டதாகவும் கூறுகிறார். வயது ஏறத்தாழ 23 என்று எழுதியிருக்கிறார்; உண்மையில் 25 நிரம்பியிருந்தது. (ஏன் அப்படி எழுதினார் என்று என் மாணவர்கள் கேட்பார்கள். “ஏறத்தாழ” என்று போட்டிருக்கிறாரே என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.)

அறிமுகம் அவ்வளவே. அதன்பின் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், ஏறத்தாழ 120. முடிவில், தாம் வறியவர் என்பதால் இவற்றுள் மதிப்புடையது ஏதேனும் இருப்பதாகக் கருதினால் வெளியிட உதவுமாறும், அனுபவமற்ற தமக்கு அறிவுரை வழங்குமாறும் வேண்டிக்கொள்கிறார். தொல்லை கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறார்.

இக்கடிதத்தில் தம்மைப் பற்றிய பெயரடைகள் மிகக் குறைவு. “நான் திறமையானவன்”, “கடின உழைப்பாளி”, “சிறுவயது முதலே ஆர்வம் மிக்கவன்” போன்ற தொடர்களுக்கு இடமே இல்லை. தாம் செய்ததை எடுத்து வைத்துவிட்டார். பார்ப்பவர் பார்த்துக்கொள்ளட்டும் என்னும் துணிவு அது. ஹார்டி முதலில் ஐயுற்றார். பின்னர் தம் உடன்பணியாளர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அத்தாள்களை ஆராய்ந்தார். சில சூத்திரங்கள் அவருக்கு முன்பே தெரிந்தவை. சிலவற்றை முயன்று நிறுவ முடிந்தது. வேறு சில அவர் அதுவரை கண்டிராத வகையைச் சேர்ந்தவை. அவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், இல்லையேல் இவற்றைக் கற்பனை செய்யும் ஆற்றல் எவருக்கும் இருக்க முடியாது என்னும் பொருளில் ஹார்டி பிற்காலத்தில் எழுதினார்.

இங்கே பெற்றோர்களும் ஆசிரியர்களும் சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. இராமானுஜனின் அக்காலக் கடிதங்களின் ஆங்கிலம் முழுக்க முழுக்க அவருடையதன்று என்று ஹார்டியே குறிப்பிட்டுள்ளார். சேஷு ஐயரும் நண்பர்களும் எழுத உதவியிருக்கிறார்கள். ஆங்கிலத் தேர்வின் காரணமாக உதவித்தொகையை இழந்தவருக்கு ஆங்கிலத்தில் உதவி தேவைப்பட்டதில் வியப்பென்ன? ஆனால் அதை ஹார்டி ஒரு குற்றமாகக் கொள்ளவில்லை. கடிதத்தில் பொருட்படுத்த வேண்டியது கணக்கு, அது ஐயத்துக்கிடமின்றி இராமானுஜனுடையதே என்பது அவர் முடிபு.

நண்பர்கள் உதவியது சட்டையைத் தேய்த்துக் கொடுத்தது போன்றது. சட்டைக்குள் இருந்த ஆள் இராமானுஜன்தான். இன்று நடப்பது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. கிராஞ்சியில் ஒரு பட்டறையில் பணிபுரியும் தந்தை ஒருவர் தம் மகளின் விண்ணப்பக் கடிதத்தை என்னிடம் காட்டினார். பிழையற்ற கடிதம். தலைமைத்துவம், மீள்திறன், சமூகப் பொறுப்பு என எல்லாச் சொற்களும் இருந்தன. ஆனால் அப்பெண்ணை நான் தொடக்கநிலை மூன்றிலிருந்து அறிவேன். கடிதத்தில் அவளைக் காணவில்லை. வீட்டில் பழுதான மின்விசிறிகளைப் பிரித்து மாட்டுவதும், தந்தையின் பட்டறையில் கிடக்கும் பழைய இயந்திரப் பாகங்களைப் படம் வரைந்து வைப்பதும் அவள் வழக்கம். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கேட்டதற்கு, “அதெல்லாம் சின்ன விசயம் டீச்சர், அதை எழுதினால் நம்மைக் குறைவாக நினைப்பார்கள்” என்றார் தந்தை. கட்டணம் பெற்றுக்கொண்டு எழுதித் தருபவர்களும், கேட்ட நொடியில் எழுதித் தரும் கணினிச் செயலிகளும் மொழியைத் தருவார்கள். மின்விசிறியை அவர்கள் அறியமாட்டார்கள். அவள் படம் வரைந்த குறிப்பேட்டை எடுத்து வரச்சொல்லி, அதிலிருந்தே தொடங்குமாறு சொன்னேன். தந்தைக்கு முழு மனநிறைவு இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மீண்டும் 1913க்குச் செல்வோம். ஹார்டி பிப்ரவரி 8ஆம் நாள் மறுமொழி எழுதினார். ஆர்வத்தோடு பாராட்டியதோடு, நிறுவல்கள் வேண்டும் என்றும் கேட்டார். பிப்ரவரி 27ஆம் நாள் இராமானுஜன் எழுதிய இரண்டாம் கடிதமே எனக்கு இன்னும் நெருக்கமானது. தம் உழைப்பைப் பரிவோடு நோக்கும் நண்பர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று மகிழ்கிறார். தம் முறையை விளக்காமல் முடிவுகளை மட்டும் சொன்னால் மனநோய் மருத்துவமனைக்கே வழிகாட்டுவீர்கள் என்று நகையாடுகிறார். 1, 2, 3 என்று முடிவின்றிக் கூட்டிக்கொண்டே போனால் கழித்தல் பன்னிரண்டில் ஒன்று வரும் என்று சொன்னால் யார்தான் அப்படி நினைக்கமாட்டார்? பிறகு நேராக உண்மையைச் சொல்லிவிடுகிறார். தாம் அரைப்பட்டினி கிடப்பவர். மூளையைக் காத்துக்கொள்ள உணவு வேண்டும், அதுவே இப்போதைய முதற்கவலை. உங்களிடமிருந்து ஆதரவான ஒரு கடிதம் வந்தால், பல்கலைக்கழகத்திடமோ அரசாங்கத்திடமோ உதவித்தொகை பெற அது துணைசெய்யும் என்கிறார்.

தமக்கு என்ன தேவை, அதைத் தரக்கூடியவர் யார், அவரை அசைக்கக்கூடியவர் யார் என்பதையெல்லாம் அவர் தெளிவாக அறிந்திருந்தார். உலகியல் அறியாத மேதை என்று அவரைச் சித்திரிப்பவர்கள் இக்கடிதத்தை ஊன்றிப் படித்திருக்க மாட்டார்கள் என்றே கருதுகிறேன்.

அவர் கணக்குத் தப்பவில்லை. இந்திய வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் அந்த பிப்ரவரியில் சென்னைக்கு வந்திருந்தார். அவர் கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் 1889ஆம் ஆண்டு முதலிடம் பெற்றவர். ஸ்பிரிங்கின் ஏற்பாட்டால் இராமானுஜனின் தாள்களைப் பார்த்த அவர், சில ஆண்டுகளேனும் பிழைப்புக் கவலையின்றிக் கணக்கில் ஈடுபட இவ்விளைஞருக்கு உதவ வேண்டும் என்று பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். அத்தகைய ஆய்வு உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கே உரியது. இராமானுஜனோ இடைநிலைத் தேர்வே தேறாதவர். எனினும் சென்னைப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியது. 1913 மே 1ஆம் நாள் முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம் ஆய்வு பற்றி அறிக்கை தர வேண்டும், அவ்வளவே நிபந்தனை. 30 ரூபாய் எழுத்தர், தம்மை இருமுறை தோல்வியுறச் செய்த கல்விமுறையின் உச்சியில் 75 ரூபாய் ஆய்வாளராக அமர்ந்தார்.

கேம்பிரிட்ஜ் செல்வதற்கு இன்னும் கடிதங்கள் தேவைப்பட்டன. கடல் கடந்து செல்லும் எண்ணம் இராமானுஜனுக்கு முதலில் இல்லை. 1914இன் தொடக்கத்தில் சொற்பொழிவாற்றச் சென்னைக்கு வந்த டிரினிட்டியின் இளம் கணித அறிஞர் இ. எச். நெவில், ஹார்டியின் வேண்டுகோளின்படி அவரைச் சந்தித்து மனத்தை மாற்றினார். பின்னர்ப் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்கு நெவில் ஒரு கடிதம் எழுதினார். சென்னையின் இவ்விளைஞரைக் கண்டறிந்தது கணித உலகில் நம் காலத்தின் பெருநிகழ்வாக அமையக்கூடும் என்னும் கருத்தை அதில் வலியுறுத்தினார். ஸ்பிரிங் தம் பங்குக்கு ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அலுவலகத்துக்கு எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை ஒப்புதலாயிற்று. 1914 மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் இராமானுஜன் புறப்பட்டார். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜின் ஆய்வுவழிப் பட்டம், 1918இல் ராயல் கழகத்தின் உறுப்பினர் தகுதி, அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுநிலை உறுப்பினர் பதவி. பிந்தையது இந்தியர் எவரும் அதுவரை பெறாதது.

இராமானுஜன் ஆண்மகன், அதிலும் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பத்தவர், எனவே அவருக்குக் கதவுகள் திறந்தன என்று சிலர் கூறலாம். அக்கூற்றில் உண்மை உண்டு. அதனால் அவருக்கு முப்பது ஆண்டுகள் முந்திய வேறொரு கடிதத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மராட்டியப் பெண் ஆனந்திபாய் ஜோஷி 1865இல் பிறந்தவர். அவருக்கு 14 வயதில் பிறந்த குழந்தை பத்து நாளிலேயே இறந்துபோயிற்று. பெண்களுக்குப் பெண் மருத்துவர் இல்லாத நிலையை மாற்ற வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு அங்கிருந்தே தோன்றியது. அவருடைய கணவர் கோபால்ராவ் 1878இல் அமெரிக்கச் சமயப் பணியாளர் ஒருவருக்கு எழுதினார். மனைவியின் படிப்புக்கு உதவியும் தமக்கு ஒரு வேலையும் வேண்டும் என்று கேட்டார். மதம் மாறினால் ஆவன செய்யலாம் என்னும் போக்கிலேயே மறுமொழி அமைந்தது. அக்கடிதப் போக்குவரத்து ஓர் இதழில் வெளியாகி, நியூஜெர்சியில் வாழ்ந்த தியோடிசியா கார்பென்டர் என்னும் பெண்மணியின் கண்ணில் பட்டது தனிக்கதை. பல் மருத்துவரிடம் காத்திருந்த நேரத்தில் அவர் அவ்விதழைப் புரட்டினாராம்!

1883 ஜூனில் அமெரிக்கா வந்து சேர்ந்த ஆனந்திபாய், அம்மாதம் 28ஆம் நாள் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரிக்குத் தம் கைப்பட விண்ணப்பித்தார். சேர்க்கைக்குரிய தகுதிகள் அனைத்தும் தம்மிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறார். நண்பர்களும் சாதியாரும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தும் தம்மை இவ்வளவு தூரம் கொண்டுவந்த உறுதியே தம் தகுதி என்கிறார். ஆண் மருத்துவரிடம் செல்வதைவிடச் சாவதே மேல் எனக் கருதும் தம் நாட்டுப் பெண்களுக்கு மருத்துவம் செய்வதே தம் நோக்கம் என்றும் எழுதுகிறார். கணவர் எழுதிய கடிதத்தால் ஆகாதது, 18 வயதுப் பெண் தானே எழுதிய கடிதத்தால் ஆயிற்று. இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. 1886 மார்ச் 11ஆம் நாள் பட்டம் பெற்றார். காசநோய் அவரை 1887 பிப்ரவரியில் கொண்டுபோய்விட்டது. மருத்துவராகப் பணிபுரிய அவருக்கு வாய்க்கவேயில்லை.

நம் தமிழகத்தில் புதுக்கோட்டை முத்துலட்சுமியைப் பலரும் அறிவர். ஆண்கள் பயிலும் மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் விண்ணப்பத்தை ஏற்றார். அப்பெண் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவராக வெளிவந்தார். இராமானுஜன் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பம் எழுதியதும் அதே ஆண்டில்தான்.

சிங்கப்பூரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனால் என் மாணவர்கள் விடமாட்டார்கள். இங்கே பல்கலைக்கழகமே ஒரு விண்ணப்பத்தில் பிறந்ததுதான். 1904இல் டான் ஜியாக் கிம் தலைமையில் உள்ளூர்ப் பெருமக்கள் ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சனிடம், இங்குள்ளோர் பயில ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று மனுக் கொடுத்தனர். பணம் திரட்டிக் கொடுங்கள் என்னும் பொருளில் மறுமொழி வந்தது. அவர்கள் 87,077 வெள்ளி திரட்டினார்கள். அதில் 12,000 வெள்ளி டான் ஜியாக் கிம் அளித்தது. சிப்பாய் லைன்ஸ் பகுதியில் முன்பு மனநோயுற்ற பெண்களுக்கான காப்பகமாக இருந்த கட்டடத்தில் 1905 ஜூலை 3ஆம் நாள் 23 மாணவர்களுடன் பள்ளி திறக்கப்பட்டது. இராமானுஜன் தம் கடிதத்தில் நகைச்சுவையாகச் சொன்ன இடத்தில் இங்கே உண்மையிலேயே கல்விக்கூடம் எழுந்துவிட்டது! அதுவும் ராஃபிள்ஸ் கல்லூரியும் 1949இல் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாயின. அப்பல்கலைக்கழகத்தில் தமிழுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி “தமிழ் எங்கள் உயிர்” என்னும் பெயரில் நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். 1956இல் இந்திய இயல் துறை தொடங்கியது. தம் பிள்ளைகள் அங்குச் சேர்வார்கள் என்னும் உறுதி ஏதும் இல்லாமலே கொடுத்தவர்கள் அவர்கள்.

இராமானுஜனின் கடிதங்களில் இன்னும் ஒன்றே ஒன்று எஞ்சியுள்ளது. 1918இன் இறுதியில் போர் முடிந்தது. இராமானுஜன் இங்கிலாந்தில் நோய்ப்படுக்கையில் இருந்தார். நாடு திரும்பியபின் ஆண்டுக்கு 250 பவுன் அளிப்பதாகச் சென்னைப் பல்கலைக்கழகம் தெரிவித்திருந்தது. 1919 ஜனவரி 11ஆம் நாள் அவர் பதிவாளர் டியூஸ்பரிக்கு மறுமொழி எழுதினார். நன்றியோடு ஏற்பதாகக் கூறுகிறார். ஆனால் அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்கிறார். இங்கிலாந்துச் செலவுகள் போக, ஆண்டுக்கு 50 பவுன் தம் பெற்றோருக்குத் தருமாறு கேட்டுக்கொள்கிறார். தம் இன்றியமையாச் செலவுகள் போக மீதமாவதை ஏழைப் பிள்ளைகள், பெற்றோரற்ற பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்துமாறு வேண்டுகிறார். உடல்நலக் குறைவால் முன்போல் கணக்கில் உழைக்க முடியவில்லை என்று வருந்தவும் செய்கிறார்.

அந்த மார்ச்சில் அவர் இந்தியா திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், 32ஆம் வயதில் காலமானார்.